சுனில் சேத்ரியின் 95 கோல்: மதிப்பு எவ்வளவு? அவருக்குப் பின்னால் ஏன் யாருமில்லை?

வடக்கு கேலரி (இழையைத் தொடங்கியவர்)

2025 அக்டோபரில் கோவாவின் ஃபதோர்தாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு அதோடு போனது. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: 41 வயது ஆளை ஏன் திரும்ப அழைத்தார்கள்? அவருடைய 95 கோலும் மாலத்தீவு, நேபாளம் மாதிரி அணிகளிடம் அடித்ததுதானே? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். எனக்கு இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். பிரித்துப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேத்ரியின் கோல் கணக்கு முழு மரியாதைக்குரியது. 20 வருடம் அவரையே நம்பி இருந்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்ட்ரைக்கரை வளர்க்காமல் விட்ட அமைப்பின் மேல்தான் என் கோபம்.

புதிதாகக் கால்பந்து பார்க்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தார். அம்மாவும் அம்மாவின் இரட்டைச் சகோதரியும் நேபாள மகளிர் அணிக்கு ஆடியவர்கள். டெல்லியில் சிட்டி கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பையனை 2002-ல் மோகன் பகான் எடுத்தது. அப்புறம் பஞ்சாபில் ஜே.சி.டி., பிறகு ஈஸ்ட் பெங்கால், டெம்போ, சிராக் யுனைடெட், மறுபடி மோகன் பகான், சர்ச்சில் பிரதர்ஸ். 2013-ல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி.க்கு வந்தார். நடுவில் ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) மும்பை சிட்டிக்கும் ஆடினார். இந்தியாவுக்காக முதல் ஆட்டம் 2005 ஜூன் 12, குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக; அன்றே கோல் அடித்தார். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக்கில் குவைத்துக்கு எதிராக விடைபெற்றபோது 151 ஆட்டம், 94 கோல். ரொனால்டோ, அலி தேயி, மெஸ்ஸி ஆகிய மூவருக்கு அடுத்து அவர்தான் இருந்தார். 2025 மார்ச்சில் திரும்பி வந்து ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95-ஆவது கோலை அடித்தார்.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

மெரினா 11

நானே தொடங்குகிறேன் நண்பரே. சேத்ரி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மெஸ்ஸிக்குப் பக்கத்தில் பெயரைப் போட்டு எண்ணிக்கையை ஒப்பிடுவது சரியில்லை. மெஸ்ஸி பிரேசிலுக்கும் பிரான்ஸுக்கும் எதிராக அடித்தவர். சேத்ரி அதிகம் அடித்தது தெற்காசிய அணிகளிடம்.

பெரிய மேடையைப் பாருங்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0–2, உஸ்பெகிஸ்தானிடம் 0–3, சிரியாவிடம் 0–1. மொத்த அணியும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை அடித்துவிட்டு அமீரகத்திடமும் பஹ்ரைனிடமும் கோலே இல்லாமல் வெளியேறினோம். இந்த நூற்றாண்டில் இந்தியாவின் ஆகச் சிறந்த முடிவு எது என்று கேட்டால் பலரும் 2019 செப்டம்பரில் தோஹாவில் ஆசியச் சாம்பியன் கத்தாரை 0–0 என்று நிறுத்தியதைத்தான் சொல்வார்கள். அன்று சேத்ரி உடல்நலமில்லாமல் ஆடவே இல்லை. குர்பிரீத் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று காப்பாற்றிய ஆட்டம் அது.

யாழ் உதைபந்து ரசிகன்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். மெரினா அண்ணை சொன்ன "தெற்காசிய அணிகள்" எண்ட கதைக்கு ஒரு பதில்.

2021 ஒக்டோபரில் மாலேயில் நடந்த சாஃப் (தெற்காசியக் கால்பந்து) போட்டியை எடுங்கள். முதல் ஆட்டத்தில் சேத்ரி அடித்து இந்தியா முன்னுக்கு நின்றது. பத்துப் பேராகிப் போன பங்களாதேஷ் 1–1 ஆக்கியது. அடுத்தது எங்களோடு. 0–0. எங்கள் அணி அப்போது ஃபீஃபா தரவரிசையில் 200-க்கும் கீழே இருந்தது. இந்தியாவால் ஒரு கோல் போட முடியவில்லை. அன்றைக்கு நாங்கள் இங்கே அதைக் கொண்டாடினோம், மறக்க ஏலாது.

அதுக்குப் பிறகு நேபாளத்தை 1–0 என்று வென்றார்கள், அடித்தவர் சேத்ரி. மாலைதீவை 3–1, அதில் இரண்டு அவருடையது. இறுதியாட்டத்தில் நேபாளத்தை 3–0, அதிலும் முதல் கோல் அவருடையது. அந்தத் தொடர் முழுக்க இந்தியா போட்ட எட்டுக் கோலில் ஐந்து அவர் போட்டது. எதிரணி இலகு என்றால் மற்றவர்களும் போட்டிருக்க வேணுமே? பத்துப் பேர் பின்னுக்கு நின்று தடுக்கும்போது கோல் போடுவது எவ்வளவு கடினம் என்று, பின்னுக்கு நின்று தடுத்த அணியின் ரசிகனாகச் சொல்கிறேன்.

மெரினா 11

நல்ல வாதம். ஆனால் இந்தியா மோசமாக ஆடியது என்பதைத்தான் அது காட்டுகிறது. சேத்ரி உலகத் தரம் என்பதை அல்ல.

வடக்கு கேலரி

உலகத் தரம் என்று நான் சொல்லவில்லை, மெரினா. அவருக்குக் கிடைத்த பந்தை வைத்து அவர் செய்ததைத்தான் பேசுகிறேன்.

கத்தார் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் கௌஹாத்தியில் ஓமனோடு ஆடினோமே, அதையும் சேர்த்துப் பாருங்கள். அன்று 24-ஆவது நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் அடித்து முன்னிலை தந்தவர் சேத்ரி. 82-ஆவது நிமிடம் வரை அந்த ஒரு கோலைத் தாங்கி நின்றோம். கடைசியில் இரண்டு வாங்கித் தோற்றோம். 2015-ல் பெங்களூரில் ஓமனிடம் 1–2 என்று தோற்றபோதும் நம் கோல் அவருடையது. 2011 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிராகவும் தென்கொரியாவுக்கு எதிராகவும் அடித்தார். 2023-ல் புவனேஸ்வரில் லெபனானை 2–0 என்று வென்ற இறுதியாட்டத்திலும் ஒன்று அடித்தார். இவை பட்டியலில் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் இவற்றில் பெரும்பாலான ஆட்டங்களை நாம் தோற்றோம்.

தோஹாவில் 0–0 எடுத்தது பெருமைதான். ஆனால் அன்று ஜெயிக்க ஒரு கோல் வேண்டியிருந்தது. அதை அடிக்க ஆள் இல்லை. நீங்கள் சேத்ரிக்கு எதிராகக் காட்டும் ஆட்டம் என் வாதத்துக்கும் சாட்சி.

அப்புறம் 2017 ஜூன், பெங்களூர் கண்டீரவா மைதானம், கிர்கிஸ்தானோடு ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். 0–0 என்று இழுத்துக்கொண்டே போனது. 69-ஆவது நிமிடம். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி ஓடத் தொடங்கினார். வந்த ஆட்களைத் தாண்டி, முன்னால் நின்ற நம் ஸ்ட்ரைக்கர் ஜெஜேயிடம் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடினார். ஜெஜே பந்தைத் தடுப்பாளர்களின் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டார். அது தரையில் சரியாக இறங்குவதற்குள் சேத்ரி அடித்துவிட்டார். 1–0. அந்தக் கோலை ஒருமுறை பார்த்துவிட்டு, எதிரணி யார் என்று கேளுங்கள்.

பழைய ஐ லீக்

தம்பிகளே, 2008-ஐ யாரும் பேசவில்லையே.

அந்த ஆகஸ்டில் ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை ஹைதராபாத்தில் நடந்தது. மழை. மைதானம் முழுக்கச் சேறு. அரையிறுதியில் மியான்மரை 1–0 என்று வென்றோம், அடித்தவர் சேத்ரி. அந்தத் தரையில் இறுதியாட்டம் நடத்த முடியாது என்று டெல்லி அம்பேத்கர் மைதானத்துக்கு மாற்றினார்கள். எதிரணி தஜிகிஸ்தான். அரை மணி நேரத்துக்குள் 3–0. சேத்ரி, பூட்டியா, மறுபடி சேத்ரி. முடிவில் 4–1, சேத்ரிக்கு ஹாட்ரிக். அதை ஜெயித்ததால்தான் 1984-க்குப் பிறகு முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனோம். அப்போது அவருக்கு 24 வயது. பூட்டியாவின் கையிலிருந்து பொறுப்பு இவரிடம் வந்தது அந்த ஆட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. பூட்டியா பக்கத்தில் நின்று ஆடிக் கற்றுக்கொண்டவர் சேத்ரி. இந்த விஷயத்தை வடக்கு கேலரி நண்பர் கவனிக்க வேண்டும்: சேத்ரிக்கு முன்னால் ஒரு மூத்த ஸ்ட்ரைக்கர் இருந்தார். சேத்ரி பக்கத்தில் யார் நின்று கற்றுக்கொண்டார்கள்?

அவர் வெளிநாட்டில் ஏன் ஜொலிக்கவில்லை என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. 2009-ல் லண்டனில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. இந்தியா ஃபீஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்பதால் பிரிட்டனில் வேலை அனுமதி மறுத்துவிட்டார்கள். ஆட்டக்காரரின் தகுதியைப் பார்த்து மறுத்ததல்ல, அவர் நாட்டின் இடத்தைப் பார்த்து மறுத்தது. 2010-ல் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி விசர்ட்ஸுக்குப் போனார். மான்செஸ்டர் யுனைடெட்டோடு நடந்த நட்பு ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். லீக் ஆட்டத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2012-ல் லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார். அங்கே இரண்டாம் அணியில்தான் வைத்தார்கள், விரல் விட்டு எண்ணும் ஆட்டங்கள். சில மாதங்களில் இந்தியா திரும்பி, சர்ச்சில் பிரதர்ஸுக்கு ஆடி, அன்றைய தேசிய லீக்கான ஐ லீக் வென்றார்.

ஐரோப்பாவில் தேறவில்லை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. 25 வயதில் ஒரு முழுப் பருவம் அங்கே ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு இன்றும் மனத்தை அரிக்கிற விஷயம்.

மலபார் தமிழன்

பாலக்காட்டுக்காரன், கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். எல்லோரும் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். 2023 மார்ச் 3 பற்றி ஒரு வார்த்தை வேண்டாமா?

கண்டீரவாவில் பெங்களூரோடு ஐ.எஸ்.எல். பிளே ஆஃப். 0–0. கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிடம்தான். பெங்களூருக்கு ஃப்ரீ கிக். எங்கள் கோல்கீப்பர் கில் கம்பத்தை விட்டு முன்னால் வந்து தடுப்புச் சுவரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். விசில் ஊதவில்லை. சேத்ரி மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கோல் என்கிறார். எங்கள் பயிற்சியாளர் இவான் அணியையே வெளியே கூட்டிப்போனார். எங்களுக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை. இந்தியக் கேப்டன் என்ற இடத்தில் இருப்பவர் அப்படி ஒரு கோலை எடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. இன்றுவரை மாறவில்லை.

நர்மதா

மலபார் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுக்க அடிக்கும் அணிக்கு உரிமை உண்டு. சுவரைப் பத்து கெஜம் தள்ளி நிறுத்தச் சொல்லி நடுவர் ஆட்டத்தை நிறுத்திவைத்தால் மட்டும்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். தனக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாகச் சேத்ரி ஆட்டம் முடிந்ததும் சொன்னார்.

பந்துக்குப் பக்கத்தில் உங்கள் ஆட்கள் நின்ற விதத்தைத் திரும்பப் பாருங்கள். லூனா முதலில் ஒருமுறை பந்துக்கு முன்னால் வந்து மறித்தார். அடுத்த நொடி கவனம் சிதறியது. ஒரு ஸ்ட்ரைக்கர் அந்த நொடிக்காகத்தான் 90 நிமிடமும் காத்திருக்கிறார்.

மலபார் தமிழன்

நடுவர் அந்த இடத்தில் நின்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தார், அதனால் விசில் வரும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நியாயமானது. நடுவர் மேல்தான் முதல் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சேத்ரி மேல் இருந்த பிரியம் கேரளாவில் நிறையப் பேருக்கு அன்று குறைந்தது.

செட்டிநாட்டுக்காரன்

அதே பருவத்தில் இன்னொரு விஷயம் நடந்தது, அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன். 2022–23-ல் பெங்களூரு அணியில் ராய் கிருஷ்ணாவோடு முன்வரிசையில் தொடங்கியது அவர்தான். சேத்ரி பல ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்தார். 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டியை 2–1 என்று வென்றபோது முதல் கோல் சிவசக்தி அடித்தது. சேத்ரி கையில் அதுவரை இல்லாத ஒரு கோப்பை அது. அந்த ஐ.எஸ்.எல். பருவத்தின் வளரும் வீரர் விருதும் சிவசக்திக்குத்தான்.

அப்புறம் கோவாவில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், மோகன் பகானோடு. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்திலேயே சிவசக்தி அடிபட்டு வெளியே போனார். உள்ளே வந்தது சேத்ரி. பெனால்டியில் சமன் செய்தார். 2–2 வரை போய், பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றோம்.

நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சிவசக்தி வெளியே போனதும் வீட்டில் சத்தமே இல்லை. சேத்ரி வந்தது ஆறுதல்தான், ஆனால் எங்கள் ஊர்ப் பையன் அந்த ராத்திரி முழுக்க ஆடியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை. அடுத்தடுத்த பருவங்களில் அவருக்கு அந்த இடம் நிலைக்கவில்லை. மாற்று ஆளாகக் கடைசிப் பத்து, பதினைந்து நிமிடம் இறக்கினார்கள். 22, 23 வயதில் ஸ்ட்ரைக்கருக்கு அது போதுமா?

வடக்கு கேலரி

இதுதான் நான் பேச வந்த விஷயம். நன்றி, செட்டிநாட்டுக்காரரே.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது மைதானத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017–18-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். 2021–22-ல்தான் நான்கு ஆனது. ஒரு பயிற்சியாளருக்கு நான்கு இடம் இருந்தால் எங்கே வைப்பார்? நடுத் தடுப்பில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர், மிச்சம் முன்வரிசை. தோற்றால் டிசம்பருக்குள் வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பயிற்சியாளரைக் குறை சொல்லவும் முடியாது. கோல் அடித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: கோரோ, ஓக்பெச்சே, ராய் கிருஷ்ணா, டியேகோ மொரீசியோ, டியாமந்தகோஸ். எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்கள். அவர்கள் நின்ற இடம்தான் இந்திய ஸ்ட்ரைக்கர் வளர வேண்டிய இடம்.

சேத்ரியே பெங்களூரில் பல வருடம் நடு ஸ்ட்ரைக்கராக ஆடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 2017–18-ல் ஆல்பெர்ட் ரோக்கா பயிற்சியில் நடுவில் வெனிசுவேலாவின் மிக்கு, இடது விங்கில் சேத்ரி. மிக்கு 15 கோல், சேத்ரி 14. விங்கிலிருந்து உள்ளே வெட்டி வலது காலால் அடிப்பது, தூரக் கம்பத்துக்கு ஓடி வந்து தலையால் முட்டுவது என்று தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். அந்த வருட இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி.க்கு எதிராக ஒன்பதாவது நிமிடத்தில் உதாந்தா போட்ட கிராஸுக்குப் பாய்ந்து தலையால் அடித்தாரே, அது விங்கிலிருந்து வந்து அடித்த கோல்தான். (அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு தலையடி கொடுத்து, நாம் 3–2 என்று கோப்பை வாங்கினோம் என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.)

கிளப்பில் விங், நாட்டுக்கு நடு ஸ்ட்ரைக்கர். 33 வயதுக்கு மேல் இரண்டையும் ஒருவர் சமாளித்தார். 21 வயதுப் பையனிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? வாரம் முழுக்க விங்கில் ஆடிவிட்டு, இந்திய முகாமுக்கு வந்ததும் இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கு என்றால் அவன் என்ன செய்வான்? மன்வீர் சிங்குக்கு அதுதான் நடந்தது. கிளப்பில் வலது பக்கம் ஓடுகிறவர், நாட்டுக்காக நடுவில் நிற்கிறார். 2023 நவம்பரில் குவைத்தில் நாம் 1–0 என்று ஜெயித்த கோல் அவருடையது என்பதையும் மறக்கக் கூடாது.

மெரினா 11

இந்த இடத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அமைப்பு மட்டும் காரணமில்லை, அதிர்ஷ்டமும் கைவிட்டது. ஜெஜேயை நினைத்துப் பாருங்கள்.

சென்னையின் அணியில் அவரை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்திய ஸ்ட்ரைக்கர் ஒருவரை நடுவில் வைத்து, அவரைச் சுற்றி வெளிநாட்டவரை ஆட வைத்து இரண்டு முறை கோப்பை வாங்கிய அணி நம்முடையது. 2017–18-ல் ஒன்பது கோல் அடித்தார். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4–1 என்று வென்றபோது கடைசிக் கோல் அவருடையது. அவர் சேத்ரியை விட ஆறேழு வயது இளையவர். கணக்குப்படி இவருக்குப் பிறகு அவர்தான் வந்திருக்க வேண்டும். முழங்கால் காயம் ஒரு பருவத்தை முழுசாக விழுங்கியது. பிறகு பழைய வேகம் திரும்பவில்லை. ஜெஜே 2023-லேயே ஓய்வு அறிவித்துவிட்டார், சேத்ரி அதற்குப் பிறகும் ஆடினார்.

பழைய ஐ லீக்

ஜெஜே காயம் யாருக்கும் வரக்கூடியது. ஒருவருடைய முழங்காலை நம்பி ஒரு நாட்டின் முன்வரிசை இருந்தது என்றால் தவறு முழங்காலில் இல்லை. ஐ லீக் நாட்களில் முகமது ரஃபி, அபிஷேக் யாதவ், ராபின் சிங் என்று சுமாரானவர்களாவது நாலைந்து பேர் போட்டியில் இருந்தார்கள்.

நர்மதா

நான் அமைப்பைப் பற்றிப் பேசவில்லை. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். கண்டீரவாவில் மேற்குப் பக்கம் உட்கார்ந்து பல ஆட்டம் பார்த்திருக்கிறேன். டிவியில் பந்து இருக்கும் இடம்தான் தெரியும். நேரில் போனால் சேத்ரியை மட்டும் பார்க்கலாம்.

அவர் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். தலையால் இவ்வளவு கோல் எப்படி? கார்னர் வரும்போது பாக்ஸுக்கு உள்ளே நிற்கமாட்டார். விளிம்பில், தடுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்: பந்தை ஒருமுறை, தடுப்பாளரை ஒருமுறை. அடிப்பவர் கை தூக்கியதும் முதலில் தப்பான பக்கம் இரண்டு எட்டு வைப்பார். தடுப்பாளர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் அவருக்கு முன்னால் குறுக்காகப் புகுந்துவிடுவார். குதிப்பது பெரிதாக இருக்காது. மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்னால் குதித்திருப்பார், அவ்வளவுதான். 2016 ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில், நடப்புச் சாம்பியன் ஜொகூருக்கு எதிராக லிங்டோ போட்ட கார்னரில் இப்படித்தான் அடித்தார். இரண்டாவது கோல் தூரத்திலிருந்து வளைத்தது. அந்த 3–1 வெற்றியில்தான் ஓர் இந்திய கிளப் முதன்முறையாக ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போனது. தோஹாவில் ஈராக் ஏர் ஃபோர்ஸ் கிளப்பிடம் 0–1 என்று தோற்றார்கள்.

2025 மார்ச்சில் மாலத்தீவுக்கு எதிரான 95-ஆவது கோலும் தலையால்தான், லிஸ்டன் போட்ட கிராஸ். 40 வயதிலும் அதே இரண்டு எட்டு. இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கலாம். வேகத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, இதை முடியும். நம் அகாடமிகளில் 14 வயதுப் பையன்களுக்கு இதைச் சொல்லித்தரும் முன்னாள் ஸ்ட்ரைக்கர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

யாழ் உதைபந்து ரசிகன்

நர்மதா அக்கா, அருமையான விளக்கம். 2018 மும்பைக் கதையையும் யாராவது எழுதுங்கோ. அந்த வீடியோ இங்கேயும் எல்லாரும் பகிர்ந்தது ஞாபகம்.

நர்மதா

எழுதுகிறேன். இன்டர்காண்டினென்டல் கோப்பை. முதல் ஆட்டத்தில் சைனீஸ் தைபேயை 5–0 என்று வென்றோம், சேத்ரி ஹாட்ரிக். மைதானத்தில் இருந்தது 2,500 பேர் சொச்சம். அடுத்த ஆட்டம் கென்யாவோடு, அது அவருடைய 100-ஆவது ஆட்டம். அதற்கு முன்னால் ஒரு வீடியோ போட்டார். ஐரோப்பிய கிளப்புகளை ரசிப்பவர்களே, நாங்கள் அந்தத் தரத்தில் இல்லை என்பது தெரியும், திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில் கென்யாவை 3–0 என்று வென்றோம், இரண்டு அவருடையது. இறுதியாட்டத்திலும் கென்யா, 2–0, இரண்டும் அவருடையது. தொடர் முழுக்க எட்டு கோல்.

100-ஆவது ஆட்டத்துக்கு ஒரு கேப்டன் கை கூப்பி ஆள் கூப்பிட வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. 2024-ல் சால்ட் லேக்கில் 58 ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். அந்த ஆறு வருடத்தில் ஏதோ மாறியிருக்கிறது, அதில் அவர் பங்கு பெரியது.

மலபார் தமிழன்

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நானும் நண்பர்களுக்கு அனுப்பினேன், அதை மறுக்கமாட்டேன்.

சரி, இழையின் தொடக்கத்தில் இருந்த முதல் கேள்விக்கு வருவோம். 2024-ல் முறையாக விடைபெற்றவரை 2025-ல் திரும்ப அழைத்தது சரியா?

மெரினா 11

சரியில்லை. 2024 முழுக்க இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, அது உண்மை. அந்த அவசரத்தில் அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் எடுத்த முடிவு. மாலத்தீவை வென்றோம், பங்களாதேஷோடு 0–0, ஹாங்காங்கிடம் 0–1. அந்த இடத்தில் ஒரு இளைஞரை வைத்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். அவருக்கு அனுபவமாவது கிடைத்திருக்கும். அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த முதல் ஆட்டத்தைப் பாருங்கள், பத்துப் பேராக நின்றபோது 90-ஆவது நிமிடத்தில் 1–1 ஆக்கியவர் ரஹீம் அலி. அந்தப் பையனுக்கு இதற்கு முன்னால் எவ்வளவு நிமிடம் கொடுத்தார்கள்?

வடக்கு கேலரி

ரஹீம் அலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் அந்த மார்ச்சில் மார்க்கேஸ் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த 2024–25 பருவத்தில் சேத்ரி ஐ.எஸ்.எல்.லில் 14 கோல் அடித்தார், இந்தியர்களில் அதுவே அதிகம். பருவத்தின் தொடக்கத்திலேயே, 2024 செப்டம்பரில், ஓக்பெச்சேயின் 63-ஐத் தாண்டி லீக்கின் மொத்தக் கணக்கில் முதலிடத்துக்கும் வந்தார். பயிற்சியாளர் ஃபார்மில் இருக்கும் இந்திய ஸ்ட்ரைக்கரைத்தான் எடுப்பார். அந்த ஸ்ட்ரைக்கருக்கு 40 வயது என்பது பயிற்சியாளரின் குற்றமில்லை, திரும்பி வந்தவரின் குற்றமும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார், முதல் ஆட்டத்திலேயே அடித்தார்.

என் கோரிக்கை ஒன்றுதான், முடிந்தால் எல்லோரும் சேர்ந்து அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு எழுதலாம். வெளிநாட்டவர் எண்ணிக்கையை மூன்றாகக் குறைக்க வேண்டும். அது முடியாது என்றால், டூரண்ட் கோப்பையிலும் சூப்பர் கோப்பையிலுமாவது முன்வரிசையின் நடு இடத்தில் இந்தியரைத்தான் ஆட வைப்பது என்று கிளப்புகள் தாங்களாகவே முடிவெடுக்க வேண்டும். 2022 டூரண்டில் சிவசக்தி வெளியே தெரிந்தது அப்படி ஓர் இடம் கிடைத்ததால்தான்.

செட்டிநாட்டுக்காரன்

எழுதினால் என் பெயரையும் சேருங்கள். கூடவே கிளப்புகளின் இரண்டாம் அணிகள் ஆடும் டெவலப்மென்ட் லீக் ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லியும் கேளுங்கள். கண்டனூர், புதுவயல் பக்கம் சாயங்காலம் பந்து உதைக்கிற பையன்களுக்கு முதல் படி அதுதான்.